முழு ஆள் உருவம்

என் வீட்டுக்காரர் ராஜராஜன் பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கிறார். கடை என்று போர்டில்தான் எழுதியிருக்கும். உண்மையில் அது பயிர்களுக்கான பெரிய ஆஸ்பத்திரி. காலையில் ஷட்டரைத் தூக்கும் முன்பே சுற்றுவட்டாரத்து ஆட்கள் மக்காச்சோள இலையையோ சின்ன வெங்காயத் தாளையோ பிடுங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். வர முடியாதவர்கள் வாட்ஸப்பில் போட்டோ அனுப்புவார்கள். இவர் போனை ஒரு நொடி தூக்கிப் பார்ப்பார். "படைப்புழு. நான் குடுக்கற மருந்த சாயங்காலமா அடி" என்பார். வயல்காட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தது கிடையாது. இருந்தாலும் வாயில் ஒருநாளும் 'தெரியலயே' என்ற வார்த்தை வந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மேதைக்குத் தன் உடம்பில் ஒன்று முளைத்தது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சொல்லலாமா என்று கேட்காதீர்கள். அவர் என்னைப் பற்றி நினைத்ததைவிட இது ஒன்றும் அசிங்கமில்லை.

முதலில் கட்டிலை விட்டு இறங்கி ஹாலில் பாய் போட்டார். கேட்டால் முழங்கால் வலி, கட்டில் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வலிக்கிற முழங்காலோடு தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பது எப்படிச் சுலபம் என்று நான் கேட்கவில்லை, ஏதோ புதுவைத்தியம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அப்புறம் காலை அகட்டி வைத்து நடக்க ஆரம்பித்தார். கடையில் கேட்டவர்களுக்கும் அதே முழங்கால்தான்.

கூடவே இன்னொரு புது வழக்கமும் வந்தது. என் போன் அடித்தால் என்னைவிட அவர் முதலில் எட்டிப் பார்த்தார். நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். எனக்கு வருகிற போனெல்லாம் "பட்டா வந்துடுச்சாம்மா", "சாதிச் சர்டிபிகேட்டு எப்ப தருவாங்க" என்று கேட்பவைதான். அதை இவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். மையத்தை நடத்தும் அண்ணாதுரை சார் ஒருநாள் கூப்பிட்டபோது என் கையிலிருந்தே போனைப் பிடுங்கினார். பாவம், அந்த மனுஷன் பிரிண்டருக்கு மை வாங்கி வரச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர்.

இப்படி ரெண்டு மாசம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று, "சமயபுரம் போயிட்டு வருவோம், ஒரு வேண்டுதல் இருக்கு" என்றார்.

"எதுக்குங்க?"

"முழங்காலுக்கு."

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. உடம்பில் எந்த உறுப்பில் கோளாறோ, அந்த உறுப்பை மெல்லிய வெள்ளித் தகட்டில் அடித்த உருவமாக வாங்கி அம்மனுக்குப் போடுவோம். கண் வலிக்குக் கண், கால் வலிக்குக் கால். கோயில் வாசல் கடைகளில் தட்டு நிறைய பரப்பி வைத்திருப்பார்கள். நாங்கள் போய் நின்றது முத்தாயி என்ற அம்மாளின் கடை. மகள் முத்தமிழை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

"என்ன தம்பி, எந்த எடத்துல கோளாறு?"

"முழங்காலுங்க."

"இந்தா, கால் உருவம். சோடியா எடுத்துக்க."

"கால் வேணாங்க."

"முழங்காலுன்னியே?"

இவர் தட்டைக் கிளற ஆரம்பித்தார். கண், கை, கால், வயிறு, தொட்டில் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கீழே வைத்தார். தேடினது கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"என்னத்ததான் தேடற தம்பி? சொன்னா எடுத்துத் தரேன்ல?" என்றாள் முத்தாயி.

"மொத்தமா ஒரு ஆளக் குடுத்துடுங்க."

"முழு ஆளா? ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பள."

முழங்கால் வலிக்கு முழு ஆள். சரி, அம்மனுக்குத் தாராளமாகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மனுஷன் அதோடு நிற்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஒரு உப்பு மிளகு பாக்கெட்டும் குடுங்க" என்றார்.

உப்பும் மிளகும் எதற்கென்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மரு வந்தால்தான் அதைக் கோயிலில் கொட்டுவார்கள். உப்பு கரைகிற மாதிரி மருவும் கரைந்துவிடும் என்று நம்பிக்கை. அதை வேறு எதற்கும் கொட்டி நான் பார்த்ததில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். முகத்தில் மரு இல்லை. கழுத்தில் இல்லை. கை, கால், முதுகு எல்லாம் சுத்தம், தினமும் துண்டோடு குளித்துவிட்டு வருகிறவரைப் பார்க்கத்தானே செய்கிறேன். மரு இருக்கிறது, ஆனால் அந்த இடத்துக்கு வெள்ளியில் உருவம் விற்கவில்லை. ரெண்டு மாசமாகப் பாய் வேறு. டோல்கேட் வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. கிறுக்குப் பிடித்த மனுஷன், அம்மனிடம்கூட இடத்தைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு முழு ஆளையே ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் முத்தமிழைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"மரு எங்க இருக்கு?"

"எந்த மரு?"

"அம்மனுக்கு மட்டும் சொன்னாப் போதுமா? எனக்கும் சொல்லுங்க."

மூஞ்சி வெளிறிப் போனது. ரொம்ப நேரம் நான் கெஞ்சி, மிரட்டிய பிறகு கடைசியில் காட்டினார். ஆணுறுப்பின் அடிப்பக்கம் தோல் நிறத்திலேயே சின்னச் சின்னதாக நாலைந்து இருந்தன. மேலே சொரசொரப்பாக, ரெண்டு மூன்று ஒட்டிக்கொண்டு, காலிஃபிளவர் துணுக்கு மாதிரி. அதைச் சுற்றித்தான் கொடுமை. தோல் வெந்து செக்கச்செவேலென்று இருந்தது.

"இது என்னங்க இப்படி வெந்து கெடக்கு? வலிக்கலையா?"

"மரு வலிக்கல. மருந்துதான் வலிக்குது."

"என்ன மருந்து?"

"மொதல்ல சுண்ணாம்பும் சோடாவும் கொழச்சு வச்சேன். கேக்கல. அப்பறம் கால் ஆணிக்குப் போடுற மருந்து."

அடப்பாவி! பாதத்துத் தோலுக்குப் போடுகிற மருந்தை எங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார் பாருங்கள். தக்காளிச் செடியில் ஒரு புள்ளி விழுந்தாலே "கண்ட மருந்த அடிக்காத, எங்கிட்டக் கேட்டுட்டு அடி" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற ஆள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. அவர் முகம் மாறிப்போனது.

"சிரிக்கிறியா? இது எப்படி வரும்னு நெட்ல படிச்சேன். தப்பாப் போனாத்தான் வருமாம். நான் எந்தத் தப்புக்கும் போகல. அப்ப எனக்கு இது எங்கேருந்து வந்துச்சு?"

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. பாய், எட்டிப் பார்த்த போன், ஸ்பீக்கர், பிரிண்டர் மை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"அண்ணாதுரை சாரா?" என்றேன்.

"நான் பேர் சொல்லல. டாக்டர்கிட்ட போவோம். யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு டெஸ்ட்ல தெரிஞ்சிடும். ஒன்கிட்டேருந்துன்னு வந்துச்சுன்னா வேப்பந்தட்டையில ஒங்கம்மா வூட்டுல கொண்டுபோய் வுட்டுடுவேன். புள்ள எங்கிட்ட இருக்கும்."

ஆறு வருஷம் இவருக்கு வடித்துக் கொட்டியிருக்கிறேன். அந்த வார்த்தை ஒரு நிமிஷத்தில் என்னை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"போவோம். என்கிட்டேருந்து இல்லன்னு தெரிஞ்சா, இப்ப சொன்னத நீங்க வாயத் தொறந்து திருப்பி வாங்கணும். இந்த வைத்தியம் முடியற வரைக்கும்தான் பாப்பேன். அதுக்குள்ள வாங்கலன்னா நானே புள்ளையத் தூக்கிட்டு வேப்பந்தட்டை பஸ் ஏறிடுவேன்."

பெரம்பலூரில் டாக்டரிடம் போக மாட்டாராம். பார்க்கிறவரெல்லாம் கஸ்டமராம், மானம் போய்விடுமாம். அதனால் அரியலூரில் ஒரு தோல் டாக்டரைத் தேடிப் பிடித்தார். சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் தூசியைத் தின்றுகொண்டு பஸ்ஸில் போய் இறங்கினோம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் முதல் நாற்காலியில், அக்குளில் படர்தாமரையோடு, தங்கராசு மாமா உட்கார்ந்திருந்தார். கடைக்கு மாசம் ரெண்டு தடவை வருகிற பருத்திக்காரர்.

"அட, தம்பி! என்ன இந்தப் பக்கம்?"

"முழங்கால் வலிங்க மாமா."

"இவங்க தோல் டாக்டராச்சே தம்பி."

"முழங்கால்ல தோலுங்க."

மாமா தலையாட்டிக்கொண்டார். அதோடு விட்டாரா? போனை எடுத்துப் பருத்தி இலைப் போட்டோ ஒன்றை நீட்டினார். "சுருண்டுக்கிட்டே போவுது தம்பி, என்னன்னு பாரு." இவர் ஒரு நொடி பார்த்தார். "சாறு உறிஞ்சற பூச்சி. நாளைக்குக் கடைக்கு வாங்க." சொந்த வியாதிக்கு டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கும்போதும் வியாபாரத்தை விட மாட்டார், என் ராஜராஜன்.

டாக்டர் பெயர் ஜெயசுதா. பொம்பளை டாக்டர் என்று போர்டில் பார்த்ததும் இவர் எழுந்து ஓடப் பார்த்தார். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். எங்களைத் தனித்தனியாகத்தான் கூப்பிட்டார்கள். முதலில் அவர் உள்ளே போனார். வெளியே வந்தபோது யாரோ அறைந்த மாதிரி முகம் இருந்தது. அடுத்து நான் போனேன். டாக்டர் என்னையும் விளக்குப் போட்டுப் பார்த்தார், கேட்க வேண்டியதையெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்டார். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எனக்கு எதுவும் இல்லை என்றார். பிறகு ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தார்.

"இது பிறப்புறுப்பு மரு. ஹெச்.பி.வி.ன்னு ஒரு வைரஸால வர்றது. உடலுறவுல தோலோட தோல் பட்டாலே ஒட்டிக்கும். ரொம்ப சாதாரணமா வர்றதுதான், ஊருக்குள்ள நிறைய பேருக்கு இருக்கு, சொல்லிக்கறதில்ல. முதல்ல அந்தப் புண்ணு ஆறட்டும். கால் ஆணி மருந்து போட்டது யாரு?"

"நான்தாங்க" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"இனிமே கையால எதுவும் வைக்காதீங்க. ஷேவ் பண்ணாதீங்க, கிள்ளாதீங்க, பரவும். புண் ஆறினதும் உறைய வச்சு எடுக்கலாம். சிலதுக்குக் கிரீம் எழுதித் தரேன், வாரத்துல சில நாள் போட்டு மிச்ச நாள் விடணும்."

"டோஸ கொஞ்சம் கூட்டிப் போட்டா சீக்கிரம் போவுங்களா?"

"இது வெங்காயம் இல்லைங்க" என்றார் டாக்டர். எனக்கு அந்தம்மாவை அப்போதே பிடித்துப் போனது.

சிபிலிஸுக்கும் ஹெச்.ஐ.வி.க்கும் ரெண்டு பேருக்குமே ரத்தம் எடுக்கச் சொன்னார். இந்த மருவை உண்டாக்குகிற வகை பெரும்பாலும் புற்றுநோயைக் கொண்டுவருகிற வகை இல்லையாம். இருந்தாலும் கல்யாணமான பெண்கள் கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது, நீங்களும் செய்துகொள்ளுங்கள் என்றார். எங்களுக்குப் பெண் குழந்தை என்றதும், ஒன்பது வயதானதும் மறக்காமல் தடுப்பூசி போடச் சொன்னார். ஆணுறை கட்டாயம், அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை, போனது திரும்பவும் தலைகாட்டலாம், பயப்படாமல் வந்து காட்டுங்கள் என்றார். எல்லாவற்றையும் இவர் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"மேடம், இது யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு டெஸ்ட் இருக்குங்களா?"

"இல்லைங்க."

"இவளுக்கு ஒண்ணும் இல்லைன்னீங்களே?"

"வெளியில தெரியல, அவ்வளவுதான். சிலருக்கு ஒட்டின சில மாசத்துல வரும். சிலருக்கு வருஷக்கணக்கா உள்ளயே கெடந்துட்டு வரும். சிலருக்கு வராமலே போயிடும். இப்ப வந்திருக்குங்கறதால இப்பதான் ஒட்டிச்சுன்னு அர்த்தமில்ல. இத வச்சு யாரும் யாரையும் சந்தேகப்படக் கூடாது."

அவ்வளவுதான் தீர்ப்பு. நான் எதை நம்பி அரியலூர் வரைக்கும் தூசி தின்று வந்தேனோ, அது அந்த டாக்டரிடம் இல்லை. நான் சுத்தமானவள் என்று எழுதிக் கொடுக்க ஒரு மெஷினும் உலகத்தில் கிடையாது. இனி இந்த மனுஷன் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மசால்வடை வாங்கிக் கொடுத்தார். ரெண்டு கடி கடித்ததும் தானாகவே ஆரம்பித்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி திருப்பூர் பனியன் கம்பெனில இருந்தேன்ல…"

"ம்."

"அப்ப… பசங்களோட சேந்து… ஒரு தடவ ரெண்டு தடவ."

"நான் கேக்கலையே."

"டாக்டர் கேட்டாங்க. அப்பதான் ஞாபகமே வந்துச்சு."

ஞாபகமே வரவில்லையாம்! எந்த விவசாயி எந்த வருஷம் எந்த மருந்து அடித்தான் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறவருக்குத் திருப்பூர் மறந்துவிட்டது. எனக்குத் திருப்பூர்மேல் கோபமில்லை. அது நான் வருவதற்கு முன்னால். நடக்காத ஒன்றுக்கு ரெண்டு மாசம் என்னைக் காவல் காத்தாரே, அதுதான் நெஞ்சில் எரிந்தது. திருப்பி வாங்குவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி வுடு, பஸ் வந்துடுச்சு" என்றார்.

அதற்கப்புறம் அரியலூருக்குப் பல தடவை போய் வந்தோம். உறைய வைத்து எடுக்கும்போது அவர் போட்ட கூச்சல் வெளியே வரைக்கும் கேட்டது. கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, "முழங்காலா?" என்று கேட்டார். தங்கராசு மாமா எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் போலிருக்கிறது. போன மரு ஒன்று திரும்ப வந்தது, அதையும் எடுத்தார்கள். ரத்தத்தில் குறையொன்றும் இல்லை. என் பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. என் போனை எட்டிப் பார்ப்பதை நிறுத்தினார். அண்ணாதுரை சாருக்கு ஒரு மூட்டை வெங்காயம் கொடுத்துவிட்டார், எதற்கென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. எனக்குப் புடவை எடுத்தார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுக்கவில்லை. நான் முத்தமிழின் துணிகளை ஒரு பையில் மடித்துக் கட்டில் அடியில் வைத்தேன். நான் பெருக்கும்போது அவர் அந்தப் பையைப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

கடைசியாகப் போனபோது டாக்டர், "இப்ப ஒண்ணும் இல்ல, சந்தேகம்னா மட்டும் வாங்க" என்றார். வெளியே வந்ததும் இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் சமயபுரத்தா புண்ணியம்."

அந்த டாக்டரம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தது எந்தக் கணக்கிலும் வரவில்லை. உப்பும் மிளகும்தான் எடுத்துவிட்டனவாம்.

"நல்லாப் போச்சு. அப்ப நன்றி சொல்லிட்டு வந்துடுவோம்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். துணிப்பையையும் எடுத்துக்கொண்டேன். அவர் அது என்ன என்று கேட்கவில்லை. கோயில் வாசலில் அதே முத்தாயி கடைக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"வாம்மா. தம்பிக்கு முழங்கால் தேவலாமா?"

"தேவலங்கக்கா. இப்ப கண் உருவம் ஒரு சோடி குடுங்க."

"கண்ணா? யாருக்கும்மா கண்ணுல கோளாறு? பாப்பாவுக்கா?"

முத்தாயி தட்டில் கையை வைத்தபடி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். முத்தமிழைப் பார்த்தார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுப்பதில்லை என்று வீட்டிலேயே முடிவு பண்ணியிருந்தேன்.

"எனக்குத்தாங்க" என்றார்.

"என்ன தம்பி, பார்வ மங்குதா?"

"மங்கலக்கா. தப்பாத் தெரிஞ்சுது." என் பக்கம் திரும்பினார். "இவ மேல ஒரு தப்பும் இல்ல. இல்லாதது எனக்குத் தெரிஞ்சுது. கோயில் வாசல்ல நின்னு சொல்றேன், நான் சொன்னத திருப்பி வாங்கிக்கறேன்."

முத்தாயிக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுக்கும் அம்மனுக்குப் போட்டா சரியாயிடும் தம்பி" என்று சொல்லி ரெண்டு கண்ணையும் எடுத்துக் கொடுத்தாள். கூட்டத்தில் தூசி என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வெள்ளிக் கண்களை அவரே உண்டியலில் போட்டார். கும்பிட்டுவிட்டு என் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் ஸ்டாப்பில் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி எனக்கு ஜன்னலோர சீட்டைப் பிடித்து வைத்தார். நான் உட்கார்ந்ததும் என் போன் அடித்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

"யாருன்னு கேக்கலையா?" என்றேன்.

"நீயே பேசு" என்றார்.

எடுத்தேன். பட்டா வந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். இன்னும் வரவில்லை என்று சொன்னேன்.